சன்னது பறிக்கப்பட்டவர்

வ.உ.சிதம்பரம் பிள்ளை என்றதும் தமிழர் நினைவில் முதலில் எழுவன இரண்டு. ஒன்று கப்பல், மற்றொன்று செக்கு. மேடையிலும் பாடநூலிலும் திரைப்படத்திலும் இவ்விரண்டையுமே கண்டு பழகிவிட்ட நாம், அவற்றுக்கு முன்னும் பின்னும் அவர் எவ்வாறு வாழ்ந்தார் என்று கேட்பது அரிதாகிவிட்டது. அவர் ஒரு வழக்கறிஞர். வழக்கறிஞரின் மகன். அரசு வழங்கிய சன்னது என்னும் ஒரு தாளைக் கொண்டு பிழைத்தவர். அத்தாளை அரசு பறித்துக்கொண்டது. நெடுங்காலம் கழித்துத் திருப்பிக் கொடுத்தது. கப்பலைப் பற்றியும் செக்கைப் பற்றியும் பலர் எழுதிவிட்டமையால், இக்கட்டுரை பெரிதும் அந்தத் தாளின் பின்னே செல்கிறது. அவர் கவிஞருமாதலின், நம் வட்டத்தின் பத்தாண்டு மலரில் அவரைப் பற்றி எழுதுவது பொருத்தமே எனக் கருதுகிறேன்.

திருநெல்வேலிச் சீமையின் ஒட்டப்பிடாரத்தில் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மைக்கும் மகனாக 1872 செப்டம்பர் 5 அன்று அவர் பிறந்தார். தமிழ் எழுத்தறிவித்தவர் வீரப்பெருமாள் அண்ணாவி. பின்னர் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் ஆங்கிலக் கல்வி. தாலுகா அலுவலகத்தில் சிறிது காலம் எழுத்தராக இருந்தார். மகனையும் தம் தொழிலிலேயே ஈடுபடுத்த எண்ணிய தந்தையார் அவரைத் திருச்சிராப்பள்ளிக்கு அனுப்பிச் சட்டம் பயில்வித்தார். 1894-இல் பிளீடர் தேர்வில் வென்று, அடுத்த ஆண்டே ஒட்டப்பிடாரத்தில் தொழில் தொடங்கினார்.

அக்காலத்துச் சிற்றூர் வழக்குமன்றம் எத்தகையது என்பதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். ஒருபுறம் ஜமீன்தாரும் நிலக்கிழாரும், மறுபுறம் காவல்துறை பொய்யாகத் தொடுத்த வழக்கில் அகப்பட்ட ஏழைக் குடியானவர். உலகநாத பிள்ளைக்குச் செல்வர் பலர் கட்சிக்காரர். மகனோ குற்றவியல் வழக்குகளில் பெயர் பெற்று, எளியவர் பக்கம் நின்றார். பணம் பெறாமலும் வாதாடினார். சில வழக்குகளில் தந்தையும் மகனும் எதிரெதிரே நின்றதும் உண்டு என்பர். காவலரின் பகை வளர்ந்ததில் வியப்பில்லை. அப்பகை முற்றுமுன் மகனை அவ்வூரிலிருந்து அகற்றுவதே நன்றெனத் தந்தையார் கருத, 1900-ஆம் ஆண்டு சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். அங்கே தொழில் செழித்தது. சைவ சித்தாந்தச் சபையில் ஈடுபாடு, மதுரையிலிருந்து வெளிவந்த விவேகபானுவில் கட்டுரை, வீட்டில் புலவர் கூட்டம் என வாழ்க்கை வளமாகவே சென்றது.

அவ்வீட்டைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். இராமையா தேசிகர் என்னும் கண்பார்வையற்ற துறவியார் ஒருவர் அவருடன் தங்கியிருந்தார். அவர் தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்தவர் என்பதால் ஊரார் முணுமுணுத்தனர். சாதிக்கட்டுப்பாடு செய்வதாகவும் அச்சுறுத்தினர். சிதம்பரம் பிள்ளை முடிவை மனைவி வள்ளியம்மையின் கருத்துக்கு விட்டார். அவ்வம்மையார் தயங்கவில்லை, தேசிகருக்குத் தம் கையாலேயே தொடர்ந்து உணவு படைத்தார். வள்ளியம்மை இளமையிலேயே மறைந்தார். பின்னர் 1901-இல் சிதம்பரம் பிள்ளை மீனாட்சி அம்மையை மணந்தார். வரலாற்றில் பெரிதும் பேசப்படாத இவ்விரு பெண்டிருள் முன்னவர் அவரது உயர்ந்த நாள்களையும், பின்னவர் அவரது தாழ்ந்த நாள்களையும் பகிர்ந்துகொண்டனர்.

சுதேசிக் கப்பல் நிறுவனத்தை வீரச்செயலாகவே நாம் பாடுகிறோம். அஃது ஒரு வழக்கறிஞர் ஆக்கிய சட்டக்கட்டடம் என்பதையும் நோக்கவேண்டும். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான கடல்வாணிகத்தைப் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனம் தன்வயப்படுத்தியிருந்தது. நம் வணிகர் முதலில் பம்பாயிலிருந்து கப்பல்களை வாடகைக்கு அமர்த்திப் பார்த்தனர். ஆங்கில நிறுவனத்தின் நெருக்குதலால் அவ்வாடகைக் கப்பல்கள் நின்றன. பிறர் கப்பலை நம்பிப் பயனில்லை என்று கண்ட சிதம்பரம் பிள்ளை, ஆட்சியாளர் இயற்றிய நிறுவனச் சட்டத்தின்படியே 1906 அக்டோபர் 16 அன்று சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். முதலீடு பத்து இலட்சம் ரூபாய்; பங்கு ஒன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் செயலாளர். 8,000 பங்குகளை அவர் ஒருவரே வாங்கி இரண்டு இலட்சம் ரூபாய் அளித்தார். சட்ட அறிவுரையாளருள் சேலம் விஜயராகவாச்சாரியார் ஒருவர். சிதம்பரம் பிள்ளை தமக்கு வைத்துக்கொண்டது துணைச்செயலாளர் பொறுப்பு மட்டுமே. தமிழ்ச் சங்கம் நிறுவிய கைகளே கப்பல் சங்கத்துக்கும் தலைமை தாங்கின என்பது இலக்கிய அன்பர் மனங்கொள்ளத்தக்க செய்தி.

பங்கு சேர்க்க அவர் பம்பாய்வரை சென்று திரும்பினார். 1907-இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்தன. அதன்பின் நிகழ்ந்த கட்டணப் போர் பலரும் அறிந்ததே. ஆங்கில நிறுவனம் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைக்க, சுதேசிச் சங்கம் எட்டணா ஆக்கிற்று. முடிவில் ஆங்கிலேயர் இலவசமாக ஏற்றிச் சென்று குடையும் பரிசளிக்க முன்வந்தனர். இவ்வாறு இழப்பைத் தாங்கும் வலிமை அவர்களிடம் இருந்தது. இருபத்தைந்து ரூபாய்ப் பங்குக்காரரிடம் இல்லை. சங்கத்தின் வீழ்ச்சிக்குச் சிறைத்தண்டனை மட்டுமே காரணமன்று. இக்கணக்கும் ஒரு காரணம். சிதம்பரம் பிள்ளை அரசியல் மேடை ஏறியதை விரும்பாத இயக்குநரும் உள்ளேயே இருந்தனர்.

அவரோ மேடையை விட்டு இறங்குவதாக இல்லை. திலகரைத் தலைவராகக் கொண்டவர். 1907 இறுதியில் சூரத்துக் காங்கிரசுக்குப் பாரதியாரோடு சென்று திரும்பியவர். 1908 தொடக்கத்தில் சுப்பிரமணிய சிவா தூத்துக்குடிக்கு வந்து சேர, கடற்கரைக் கூட்டங்கள் நாள்தோறும் நிகழ்ந்தன. பிப்ரவரி 27 அன்று கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். கூலி உயர்வும் வார விடுமுறையும் அவர்களின் கோரிக்கை. ஊர் முழுதும் அவர்களுக்குத் துணைநின்றது. தேசாபிமானிகளை இகழ்ந்த வழக்கறிஞர் ஒருவருக்கு முடிதிருத்துவோர் பாதிச் சவரத்தில் எழுந்து போய்விட்டார் என்றொரு செய்தியும் உண்டு. பத்து நாள் முடியுமுன்னரே ஆலையார் இணங்கினர். இந்தியத் தொழிலாளர் வரலாற்றில் மிக முற்பட்ட வெற்றிகளுள் ஒன்று அது.

மார்ச் 9 அன்று விபின் சந்திர பாலரின் விடுதலையைத் தூத்துக்குடி கொண்டாடியது. ஆட்சியர் விஞ்சு சிதம்பரம் பிள்ளையைத் திருநெல்வேலிக்கு அழைத்து, நன்னடத்தைப் பிணை கொடுத்து மாவட்டத்தை விட்டு நீங்குமாறு கேட்டார். அவர் மறுத்தார். 12-ஆம் நாள் கைதானார். மறுநாள் திருநெல்வேலியில் கலகம் மூண்டது. நகராட்சி அலுவலகமும் அஞ்சலகமும் காவல்நிலையமும் தீக்கிரையாயின. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். விஞ்சுக்கும் சிதம்பரம் பிள்ளைக்கும் நிகழ்ந்த எதிர்ப்பாட்டைப் பாரதியார் இரு பாடல்களாக்கினார். அவை இன்றும் பாடப்படுகின்றன. ஆனால் அறைக்குள் நிகழ்ந்தது ஒரு சட்டப்பூசலே என்பதைப் பாட்டின் வேகத்தில் நாம் மறந்துவிடுகிறோம். பிணைப்பத்திரத்தில் கையெழுத்திட்டால் என்ன நேரும், மறுத்தால் என்ன நேரும் என்பதை அந்த அறையில் இருந்த வழக்கறிஞர் நன்கு அறிந்தே மறுத்தார். அறியாமல் காட்டிய துணிவினும் அறிந்து காட்டிய துணிவு பெரிதென்றே எனக்குத் தோன்றுகிறது.

கூடுதல் அமர்வு நீதிபதி பின்ஹே 1908 ஜூலை 7 அன்று தீர்ப்பளித்தார். இராசத்துரோகப் பேச்சுக்கு ஓர் ஆயுள், சிவாவுக்கு உடந்தையாயிருந்ததற்கு மற்றோர் ஆயுள் என இரட்டைத் தீவாந்தரத் தண்டனை. ஆயுளுக்கு இருபது ஆண்டெனக் கொண்டால் நாற்பது ஆண்டு. அப்போது அவர்க்கு வயது முப்பத்தைந்து. பேசிய சிவாவுக்குப் பத்தாண்டு; துணைநின்றவர்க்கு இருபதாண்டு. தண்டனையின் கடுமை இலண்டனில் இந்திய அமைச்சராயிருந்த மார்லி பிரபுவையே உறுத்திற்று. இத்தீர்ப்புக்குத் தாம் அரண்செய்ய இயலாதென்னும் கருத்தை அவர் வைசிராய் மிண்டோவுக்கு எழுதினார். தீர்ப்பைக் கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தங்கலங்கினார். அவர் பின்னர்த் தெளியவே இல்லை. மேல்முறையீட்டில் அண்ணனின் தண்டனை குறைந்தது. தம்பியின் தண்டனைக்கு மேல்முறையீடு ஏது? அதே தீர்ப்பின் விளைவாக வழக்கறிஞர் சன்னதும் நீக்கப்பட்டது.

கோவைச் சிறையிலும் பின்னர்க் கண்ணனூர்ச் சிறையிலும் அவர் கழித்த நாலரை ஆண்டுகளின் துன்பத்தை விரிப்பது என் நோக்கமன்று. சணல் கிழித்துக் கை கிழிந்ததும், மாட்டுக்கு மாறாகச் செக்கில் பூட்டப்பட்டதும் அனைவரும் அறிந்தவை. அவ்வாறு பகலில் உழைத்த மனிதர் இரவில் என்ன செய்தார் என்பதே கவிஞர்க்குரிய செய்தி. ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில நூலாசிரியரின் நூலை மொழிபெயர்த்தார். 'மனம்போல வாழ்வு' என்னும் பெயரில் 1909-இல் அது வெளியாயிற்று. எழுத்தறியாத கைதிகளுக்கு எழுத்துக் கற்பித்தார். தந்தைக்கும் மனைவிக்கும் நண்பர்க்கும் மடல்களைச் செய்யுளிலேயே எழுதினார். 125 அதிகாரம், அதிகாரத்துக்குப் பத்தடி என்னும் அமைப்பில் அவர் யாத்த 'மெய்யறம்' 1914-இல் அச்சாயிற்று. 'மெய்யறிவு', 'பாடற்றிரட்டு' ஆகியன அடுத்த ஆண்டில். குறளை அடியொற்றிய மெய்யறத்தில் அரசியலுக்கென ஓர் இயல் உண்டு. அரசுக்குத் துரோகம் செய்தார் என்று சிறைப்பட்ட ஒருவர் அரசின் கடமை இன்னதென்று இலக்கணம் வகுத்ததை, அவர் தொடுத்த எதிர்வழக்கு என்றே நான் படிக்கிறேன்.

1912 டிசம்பர் 24 அன்று விடுதலை. சிறை செல்லும்போது ஊரே எழுந்தது. மீண்டு வரும்போது வரவேற்கச் சென்றவர் மிகச் சிலர். அவருள் ஒருவர் தொழுநோயால் நலிந்திருந்த சிவா. 1908-க்கும் 1912-க்கும் இடையே நாடு மாறிவிட்டிருந்தது. பாரதியார் புதுச்சேரியில். மணியாச்சியில் 1911 ஜூன் 17 அன்று ஆஷ் சுடப்பட்டபின் திருநெல்வேலிச் சீமை முழுதும் அச்சம். கப்பல் சங்கம் 1911-இல் கலைக்கப்பட்டு, காலியா போட்டி நிறுவனத்துக்கே விற்கப்பட்டிருந்தது. சன்னது இல்லை, ஆகவே தொழில் இல்லை. சொந்த மாவட்டத்துக்கும் திரும்ப இயலவில்லை.

சென்னைக்கு வந்தார். மயிலாப்பூர், சிந்தாதிரிப்பேட்டை, பெரம்பூர் என வீடுகள் மாறின. அரிசிக்கடை வைத்தார்; நெய் விற்றார். வழக்காடத் தெரிந்தவர்க்கு வாணிகம் செய்யத் தெரியவில்லை. கடனுக்குக் கொடுத்து நட்டப்பட்டார். தம் வறுமையைத் தாமே வெண்பாவாக்கினார். நாடிவந்த புலவர்க்கெல்லாம் வரையாது வழங்கியவன் இன்று வெண்பாக் கட்டி இரந்து திரிகின்றான் என்னும் பொருள்பட அமைந்த அப்பாட்டைப் படிக்கும்போது, தன்னிரக்கம் மிகுவதற்குள் ஓர் எள்ளல் குறுக்கிட்டு அதைக் காப்பாற்றுகிறது. தம் செய்யுளில் சுவையில்லை என்று அவரே அதில் சொல்லிக்கொள்கிறார். அவருடைய பாக்களுள் பல அறிவுரைப் பாங்கானவை, யாப்புக்காக நிற்பவை, பாரதியின் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தக்கவை அல்ல. ஆனால் இவ்வொரு வெண்பா தனியே நிற்கும்.

அவ்வறுமையின் அளவைக் காட்டும் வேறொரு செய்தியும் உண்டு. தென்னாப்பிரிக்கத் தமிழர் அவர் குடும்பத்துக்கெனத் திரட்டிய தொகை ஒன்று காந்தியடிகளிடம் இருந்தது. 1915-இல் காந்தி சென்னைக்கு வந்தபோது இருவரும் சந்தித்தனர். அத்தொகை குறித்து இருவருக்கும் இடையே பல மாதங்கள் கடிதங்கள் சென்றன. கொடுத்தவர் பெயர்ப்பட்டியல் தேடவேண்டியிருந்தது, காலம் நீண்டது. கடைசியில் 1916 தொடக்கத்தில் 347 ரூபாய் 12 அணா வந்து சேர்ந்தது. பத்து இலட்சம் ரூபாய் முதலீட்டுச் சங்கத்தை நிறுவியவர், அந்தப் பன்னிரண்டு அணாவையும் எதிர்நோக்கியிருந்தார்.

அவர்மீது வரலாற்றாசிரியர் சிலர் சுமத்தும் குறையை இங்கே நேர்நின்று நோக்கவேண்டும். 1920-இல் காங்கிரசு ஒத்துழையாமையை ஏற்றபோது அவர் எதிர்த்தார், காங்கிரசினின்றும் விலகினார். சிறை அவரைத் தளர்த்திவிட்டது என்று இதற்குக் காரணம் கூறுவர். நான் அவ்வாறு கருதவில்லை. ஒத்துழையாமைத் திட்டத்தில் வழக்கறிஞர்கள் நீதிமன்றங்களைத் துறக்கவேண்டும் என்பதும் ஒன்று. துறந்தவர்கள் மாலை சூட்டிப் போற்றப்பட்டனர். அவர்கள் தியாகம் மெய்யானதே. ஆனால் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே நாட்டின் பொருட்டுச் சன்னதை இழந்து, அரிசிக்கடையில் அமர்ந்த ஒருவருக்கு அத்தியாகத்தின் விலை பிறரினும் தெளிவாகத் தெரிந்திருக்கும். எந்த மன்றத்தில் ஏழையின் பொருட்டு நின்று பகை தேடினாரோ, அம்மன்றத்தைக் காலி செய்துவிட்டால் அங்கே யார் நிற்பார் என்றும் அவர் எண்ணியிருக்கக்கூடும். அவர் திலகர் வழியினர்; திலகரோ 1920 ஆகஸ்டு முதல் நாள் மறைந்துவிட்டார். புதிய தலைமையின் மொழி அவர்க்குப் பழகவில்லை. கருத்து வேறுபாட்டைத் தளர்ச்சி என்பது முறையன்று.

1920களில் சன்னது மீண்டும் கிடைத்தது. அதற்குத் துணைநின்றவர் வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதி. சிதம்பரம் பிள்ளை நன்றி மறவாதவர். தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். ஆங்கிலேயர் ஆட்சியை எதிர்த்து வாழ்வைத் தொலைத்தவர் வீட்டில் ஓர் ஆங்கிலேயரின் பெயர் ஈசன் பெயரோடு கூடித் தமிழாகி விளங்கிற்று. ஆட்சியை எதிர்ப்பது வேறு, ஆளை வெறுப்பது வேறு என்பதற்கு இதனினும் சிறிய, உறுதியான சான்று வேண்டுவதில்லை.

கோவில்பட்டியில் 1924 முதல் 1932 வரை வழக்கறிஞராக இருந்தார், பின்னர்த் தூத்துக்குடி. வருவாய் பெரிதன்று. 1927-இல் சேலத்தில் நடந்த அரசியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியதோடு அரசியலில் அவர் குரல் ஏறக்குறைய அடங்கிற்று. கொழும்பு வீரகேசரியில் திலகரின் வரலாற்றைத் தொடராக எழுதினார். கப்பல் நின்றுபோன கொழும்புக்கு எழுத்துச் சென்றது. எஞ்சிய பொழுதெல்லாம் தமிழ்.

அப்பொழுதின் பயனை நம் புலமையுலகம் உரிய அளவில் மதிக்கவில்லை என்பது என் ஆற்றாமை. தொல்காப்பியத்தை அவர் ஆழ்ந்து கற்றது சிறையில். பிற உரைகளினும் இளம்பூரணர் உரை எளிமையும் தெளிவும் உடையதெனக் கண்டு, அதை அச்சிடும் உறுதி கொண்டார். இளம்பூரணத்தின் எழுத்ததிகாரம் 1928-இல் வெளிவந்தது, பொருளதிகாரம் ச.வையாபுரிப் பிள்ளையின் துணையோடு பின்னர் வெளியாயிற்று. வையாபுரிப் பிள்ளையும் வழக்கறிஞராயிருந்தவர், சி.வை.தாமோதரம் பிள்ளையும் சட்டம் பயின்றவர். சாட்சி மொழிகளை ஒப்பிட்டு மெய்காணும் பழக்கத்துக்கும் ஏடுகளை ஒப்பிட்டுப் பாடங்காணும் பழக்கத்துக்கும் உறவுண்டு போலும். பரிமேலழகர் உரையே குறளுக்கு உரை என்று பலரும் நம்பியிருந்த நாளில், 1917-இலேயே மணக்குடவர் உரையை அறத்துப்பாலுக்குப் பதிப்பித்தவரும் அவரே. மறுதரப்பைக் கேளாமல் தீர்ப்பளிக்கலாகாது என்னும் தொழில் நெறியை உரையுலகுக்கும் அவர் கொண்டுவந்தார் என்றே கூறுவேன். 1935-இல் அறத்துப்பாலுக்குத் தம் உரையையும் சிவஞானபோதத்துக்கு உரையையும் வெளியிட்டார்.

பரலி சு.நெல்லையப்பரின் வேண்டுகோளுக்கு இணங்கி அவர் எழுதிய சுயசரிதை அகவலால் ஆனது. தமிழில் ஒருவர் தம் வரலாற்றைத் தாமே செய்யுளில் இவ்வளவு விரிவாகச் சொன்னது புதுமை. விசாரணையும் சிறைக்கொடுமையும் அதில் நாள்தோறும் நடப்பதுபோல் வருகின்றன. சிறை அதிகாரியோடு விதிமுறை பேசி வாதிடும் இடங்களில் அகவலின் ஓசை வழக்குரைக்கு எத்துணைப் பொருந்துகிறது என்பதைக் கவிஞர்கள் படித்துணரவேண்டும். ஆனால் அவ்வகவல் விடுதலையோடு நின்றுவிடுகிறது. அதற்குப்பின் அவர் வாழ்ந்த இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு அகவல் இல்லை. கடைக்கணக்கையும் சன்னதுக்குக் காத்திருந்த நாள்களையும் அவர் பாடுபொருளாகக் கொள்ளவில்லை. வீரத்தைப் பாடும் யாப்பு நம்மிடம் இருந்தது. வாழ்ந்து கழித்ததைப் பாடும் யாப்பு அன்று இல்லை போலும்.

1936 நவம்பரில் நோய் முற்றியது. தம் விருப்பப்படி தூத்துக்குடிக் காங்கிரசு அலுவலகத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டு, விலகியும் சேர்ந்தும் தாம் வாழ்ந்த அவ்வியக்கத்தின் இல்லத்தில் 18-ஆம் நாள் உயிர்நீத்தார். சுயசரிதை நூலாக வெளிவந்தது பத்தாண்டு கழித்து, 1946-இல். இறப்பதற்குமுன் அவர் எழுதி வைத்த உயில் ஒரு வழக்கறிஞர் எழுதியது என்பது படித்த உடனே விளங்கும். சொத்து மிகச் சிறிது. ஆயினும் ஒவ்வொன்றும் நிரல்பட எழுதப்பட்டுள்ளது. அதனைத் தொடர்ந்து, கடைக்காரர்களுக்குத் தாம் தரவேண்டிய பாக்கிகளையும் ஒன்று விடாமல் குறித்திருக்கிறார்.